மாலை கட்டின பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், பசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, நான் போய் மாட்டிக்கிட்டு வாரேன்லா" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈப்போவில், புந்தோங் பகுதியில் அந்த வாடகை அறைக்கு நான் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. யாரிடம் மாட்டிக்கொள்ளப் போகிறார், போலீஸிடமா, மாமியாரிடமா என்று குழம்பிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவருடைய ஜீப் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அது போன பிறகும் என் ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

சேற்றில் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்பது, நான் அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டிய பழைய குட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. மழைக்குப் பிறகு அவற்றின் கரையில் காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அக்கா வேண்டுமென்றே ஜீப்பை அதில் இறக்குவார். சக்கரங்கள் புதைந்து வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்த பிறகு, எப்படி வெளியே வருவது என்று யோசிக்க ஆரம்பிப்பார். சாயங்காலம் தலைமுடி வரை சேறும், ஜெயித்த முகமுமாக வீடு திரும்புவார். இதுதான் அவருடைய பொழுதுபோக்கு. மற்ற வீடுகளில் பெண்கள் சீரியல் பார்த்தார்கள் என்றால், அந்த வீட்டில் அதை அண்ணன் பார்த்துக்கொண்டார்.

பெயரைச் சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். அதனால் பெயர் வேண்டாம். தெருவே அவரை ஜீப்பக்கா என்றுதான் கூப்பிட்டது. நாற்பதைத் தாண்டியவர், வாட்டசாட்டமான உடம்பு, வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு திருகாணியைச் சரியாக முடுக்கிவிட்டால் போதும், அதைச் சாப்பாட்டுக் கடை பாயிடம், கோயில் வாசலில் நிற்பவர்களிடம், வேனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லியாக வேண்டும். "ஈப்போவுல இதத் தனியாக் கழட்டி மாட்டுன ஒரே ஆளு யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். தற்பெருமையைக் கேட்டு எரிச்சல் வராமல் சிரிப்பு வந்தது எனக்கு அவரிடம் மட்டும்தான்.

அந்த ஜீப், கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றி இறக்கிக் களைத்துப்போன வண்டி. தாப்பாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கதவில்லாமல், தரைத் தகடில்லாமல் கிடந்ததை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு போர்ச்சில் இறக்கியிருந்தார். போர்ச் சின்னது. ஜீப்பின் பின்பாதி கேட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தபால்காரர் அதன் பம்பரில் கடிதத்தைச் செருகிவிட்டுப் போவார். அந்த இடத்திலேயே, துளசித் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவில், அக்கா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்ப்பித்தார். அச்சின் மேலிருக்கும் வில்பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினார். ஆழமான பல் வைத்த சேற்று டயர்கள் போட்டார். தண்ணீரில் இறங்கும்போது எஞ்சின் மூச்சு விடுவதற்குக் கூரை உயரத்துக்கு ஒரு குழாயை ஏற்றினார். முன்னால், சேற்றிலிருந்து வண்டியை இழுத்துக்கொள்ள, இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் வைத்தார். பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை இருக்கைகள்; அவற்றுக்குச் சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் பூப்போட்ட பிளாஸ்டிக் துணியை வெட்டி உறை தைத்திருந்தார். சாலைப் போக்குவரத்து இலாகா எதை மாற்ற விடும், எதை விடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சேற்றிலிருந்து வந்த மறுநாள் சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். அச்சுக்குள் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார். தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. தே தாரிக் என்கிற பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒருநாள் அண்ணன் அந்தக் கிளாஸைத் தெரியாமல் கையில் எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜீப்புக்கென்று தனி கிளாஸ், சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய விளிம்போடு இருந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. அவர் ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தார். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசை இல்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அக்கா தூங்கும் நேரத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. ஜீப்பில் எங்கேயாவது ஒரு கோளாறை ஒளித்து வைக்க வேண்டும். ஒரு ஒயரைத் தளர்த்தி விடுவார். ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒருமுறை புகைக்குழாயில் உருளைக்கிழங்கைத் திணித்து வைத்தார். ஞாயிறு காலை அக்கா அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் சேற்றுக்குப் போவார். புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படியும் ஒரு விளையாட்டு இருக்குமா என்று நான் வியந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் அண்ணன் எதுவுமே செய்யவில்லை. அக்கா காலையிலிருந்து பொழுது சாயும்வரை தேடினார். பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார், கார்புரேட்டரைப் பிரித்துத் தட்டில் பரப்பி வைத்தார். அண்ணன் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே சீரியல் பார்த்தார். கடைசியில் அக்கா தோல்வியை ஒப்புக்கொண்டபோது, நான் வண்டிப் பக்கமே போகவில்லை என்று நிதானமாகச் சொன்னார். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அக்கா தெருத்தெருவாகப் போய், என் வீட்டுக்காரருக்கு வந்த மூளை யாருக்கு வரும் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒருமுறை அவர்களோடு குட்டைக்குப் போனேன். ஜீப் சரசரவென்று இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அமுக்கி மிதிங்க அக்கா, மிதிங்க என்று கத்தினேன். அக்கா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். இருக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து, பால் சேர்க்காத தே ஓவை மூன்று மூடிகளில் ஊற்றினார். "வண்டி எங்கயும் ஓடிப் போவாது தம்பி. மொதல்ல குடிங்க" என்றார். அது அவருடைய சட்டம். மாட்டிக்கொண்டால் முதலில் தே ஓ. அது தீரும்வரை வண்டியைத் தொடக்கூடாது. குடித்துக்கொண்டே நான்கு சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டயர்களில் காற்றைக் குறைத்தார், மண்வெட்டியால் சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டினார், பலகைகளைப் போட்டார், ஏறி உட்கார்ந்து வெளியே வந்துவிட்டார். என் ஒரு செருப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

திரும்பி வரும் வழியில், ஏன் இப்படி என்று கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது நடந்ததா, ரப்பர்த் தோட்டத்தில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது லோரி மாட்டிக்கொண்டதா என்று உருக்கமாக விசாரித்தேன். எனக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு அழுகாச்சி இருக்கணுமா? எனக்கு இது புடிக்கும் தம்பி. அவ்ளோதான்லா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு மனுஷிக்கு ஒன்றைப் பிடிக்கிறது என்பதைவிடப் பெரிய காரணம் எதற்கு?

இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்சக்கரங்களுக்கு எஞ்சினின் விசையைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முன்சக்கரங்களின் இழுவையில் மட்டும் வண்டி எதுவரை போகும் என்று பார்க்கக் கிளம்பினார். சமதரையில் நன்றாகவே போனது. சுண்ணாம்புக் குன்றுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறும்போதுதான், முன்பக்கம் லேசாகிச் சக்கரங்கள் சும்மா சுழன்றன. அக்கா தே ஓ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை மேட்டுக்குக் காட்டி, ரிவர்ஸில் ஏற்றினார். எஞ்சினின் கனமெல்லாம் இப்போது இறக்கத்துப் பக்கம் இருந்த முன்சக்கரங்களின் மேல் விழுந்தது. சக்கரங்கள் மண்ணைக் கவ்வின, வண்டி ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் ரிவர்ஸிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்குப் பார்த்து என் பெரியத்தை எங்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்வதுதான். எந்தக் காலை முதலில் வைப்பது, யார் எதிரே வந்தால் கிளம்பக்கூடாது என்பதையெல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்வோம். வாசலில் நின்றுகொண்டு ஜீப் பின்னுக்கு வருவதைப் பார்த்தார். இந்தப் பொம்பளைக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். அக்கா இறங்கி வந்து, எப்படி இருந்தது என்று அத்தையையே கேட்டார். பெரியத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் தங்கைக்குக் கல்யாணம் அமைந்தது அதற்கு அடுத்த வருஷம். தாப்பாவுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. மிச்சமிருக்கும் சில வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்பவர், கிடைத்த விடுமுறையில் வந்திருந்தார். ஈப்போ கோயிலில் முகூர்த்தம். கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் அது. விட்டால் மார்கழி பிறந்துவிடும், மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுவார். எங்களுக்குப் பின்னால் அதே மணவறைக்கு இன்னொரு ஜோடி வேறு காத்திருந்தது. போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்த அன்றே, மழை பெய்தால் உங்கள் ஊரிலிருந்து பெண் வந்து சேருமா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அந்தச் சிரிப்பு என் தங்கைக்கு முள்ளாகக் குத்தியிருந்தது.

முந்தின நாள் நலங்குக்கு ஜீப்பக்காவும் அண்ணனும் ஜீப்பிலேயே வந்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் உறவுக்காரர்களும் சாயங்காலமே ஈப்போவுக்குப் போய்விட்டார்கள், மண்டப வேலை பார்க்க. பொண்ணு தன் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பது பெரியத்தையின் ஏற்பாடு. அதனால் தங்கையும், பெரியத்தையும், நானும், அத்தை மகன்கள் இரண்டு பேரும் தங்கினோம். அக்காவும் அண்ணனும் எங்களோடு தங்கிவிட்டார்கள். காலையில் வாடகைக் கார் வரும் என்று ஏற்பாடு. ராத்திரி பூராவும் மழை அடித்து ஊற்றியது.

விடிந்ததும் கார்க்காரர் போன் செய்தார். தோட்டத்து வாசலில் இருந்த சின்னப் பாலத்தைக் காணோம் என்றார். ஓடிப் போய்ப் பார்த்தோம். பாலம் இருந்த இடத்தில் செந்தண்ணீர் கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் நாங்கள். அந்த வேகத்தில் யாரும் காலை வைக்க முடியாது. அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் முகூர்த்த நேரத்தை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பினால், தங்கை பட்டுப்புடவையும் நகையுமாக நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்மை கலையக் கூடாது என்று கீழிமையில் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

அக்கா என்னிடம் வந்து, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ரப்பர்ப் பால் ஏற்றின காலத்து லோரி ரோடு ஒன்று, பின்பக்கக் குன்றின் மேல் ஏறிப் பெரிய சாலையில் இறங்கும். குன்றில் பழைய மரங்களை வெட்டிச் செம்பனைக் கன்று புதிதாக நட்டிருந்தார்கள். பாதை முழுக்கச் செம்மண், மழைக்குப் பிறகு சோப்பு மாதிரி வழுக்கும். டிராக்டரே போகாது என்றேன். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருக்கும்போது இந்த மனுஷி சந்தோஷப்படுகிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வாடகைக் காருக்கென்று வீட்டிலேயே கட்டின பெரிய மாலை ஒன்று தயாராக இருந்தது. மல்லிகையும் ரோஜாவும் நெருக்கித் தொடுத்து, திரை மாதிரி அகலமாக. அத்தை மகன்கள் அதை எடுத்து ஜீப்பின் முகத்தில், விளக்குக்கு விளக்கு, இடைவெளி இல்லாமல் கட்டிவிட்டார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அக்கா வந்து பார்த்தார், உடனே முடிச்சுகளை அவிழ்த்தார். எஞ்சின் சூடு தணிய முன்பக்கம்தான் காற்று நுழைய வேண்டும், பூவால் மூடினால் மேட்டிலே வண்டி கொதித்துவிடும் என்று விளக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பக்கத்தை அட்டையால் மூடி ஓட்டி, எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது என்று சோதித்தே பார்த்திருந்தாராம். மாலையைக் கொண்டுபோய்ப் பின்கதவில் தொங்கும் ஸ்பேர் டயரைச் சுற்றிக் கட்டினார். கல்யாண வண்டிக்கு மாலை பின்னாலேயா என்று பெரியத்தை முணுமுணுத்தார். ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.

அக்கா ஓட்டினார், பக்கத்தில் அண்ணன். பின்னால் பூப்போட்ட இருக்கையில் தங்கையும் பெரியத்தையும் நானும். அத்தை மகன்கள் தண்ணீர் வடிந்ததும் வருவதாக வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். செம்மண் பாதையில் ஜீப் முதல் வளைவை ஏறியது, இரண்டாவதையும் ஏறியது. தங்கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. கடைசி மேட்டின் அடிவாரத்தில், எங்கள் காலுக்குக் கீழே இரும்பு இரும்பை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி அதிர்ந்து நின்றது. அக்கா எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். பின்சக்கர ஷாஃப்ட்டின் மூட்டு உடைந்து தொங்குகிறது என்றார்.

பிறகு பிளாஸ்கை எடுத்தார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. முகூர்த்தம் போகிறது, இப்போது தே ஓவா என்று கத்தினேன். பெரியத்தை தலையில் கையை வைத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் அமைதியாக மூடியை நீட்டி வாங்கிக்கொண்டு, "குடிச்சிருங்க தம்பி, அவ ஏற்கெனவே வேலைய ஆரம்பிச்சிட்டா" என்றார். உண்மைதான். அக்கா தே ஓவை ஊதி ஊதிக் குடித்தபடி மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வின்ச் கயிற்றைக் கட்ட ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன். செம்பனைக் கன்றில் கட்டினால் கன்று வேரோடு வரும், வண்டி வராது என்றார். கடைசி வாயைக் குடித்துவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணனின் கைலி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். நாங்கள் குடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் உடைந்த ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்து புல்லில் கிடந்தது.

முன்சக்கரத்தில் மட்டும் ஏற்றிப் பார்த்தார். பாதி மேட்டில் சக்கரங்கள் சும்மா சுழன்றன, வண்டி வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடிவாரத்தில் இருந்த அகலத்தில் முன்னும் பின்னுமாக நகர்த்தி ஜீப்பை முழுசாகத் திருப்பினார். பின்பக்கம் இப்போது மேட்டைப் பார்த்து நின்றது. என்ன செய்யப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. பெரியத்தைக்கும் புரிந்துவிட்டது.

அத்தை என் தங்கையின் முழங்கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். தாலி கட்டப் போகிற பொண்ணு பின்னோக்கிப் போகவே கூடாது, இதற்குக் கல்யாணமே நின்று போகட்டும் என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை, அவர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். இரும்புக்கு வழி தெரியும், இதற்கு என்ன வழி?

என் தங்கை பின்கதவு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத்த, மால அந்தப் பக்கந்தான இருக்கு? கல்யாண வண்டிக்கு மால இருக்கிற பக்கந்தான் முன்பக்கம். அப்ப நாம முன்னாலதான் போறோம்."

பெரியத்தை மாலையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மறுபடி மாலையைப் பார்த்தார். அவருக்குள் என்னென்னவோ சாஸ்திரங்கள் புரண்டு படுத்திருக்க வேண்டும். கடைசியில் தங்கையின் கையை விட்டுவிட்டு இடம் மாறி, பின்கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொண்ணு எம் பக்கத்துல வந்து முன்னாடி பாத்து ஒக்காரட்டும்" என்றார்.

ஜீப் ஏற ஆரம்பித்தது. மாலை பின்ஜன்னலை மறைத்ததால் அக்காவுக்குப் பாதை தெரியவில்லை. பெரியத்தை ஜன்னலைத் திறந்து, ரோஜாக்களை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மழைத் தூறலில் தலையை வெளியே நீட்டினார். வலது பக்கம் வா, போதும், இப்போ இடது பக்கம், பள்ளம் இருக்கு, மெதுவா என்று வழி சொன்னார். பிறந்ததிலிருந்து அதே வேலையைச் செய்தவர் மாதிரி சொன்னார். வண்டி ஓரிடத்தில் நின்று துடித்தது, வழுக்கியது, மறுபடி கவ்வியது. நான் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். வெட்டிக் கிடந்த மரக்கட்டைகளுக்கு மேலே வானம் தெரிந்தது, பிறகு ஒரு லோரியின் கூரை தெரிந்தது. அது பெரிய சாலையில் போகும் லோரி. என் தங்கை சத்தம்போட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பெரிய சாலையில் அக்கா வண்டியை நேராகத் திருப்பி, முன்சக்கர இழுவையிலேயே ஈப்போவுக்கு விரட்டினார். வழியெல்லாம் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு வந்தார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து புகழ்ந்தோம். கோயில் தெருவுக்குள் நுழையும்போது மேளச் சத்தம் கேட்டது. வாசலில் வாழை மரங்களுக்கு நடுவில் அப்பா தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அக்கா வாசலுக்கு நேராக ஓட்டப் போனார். பெரியத்தை பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினார். "திருப்பும்மா. மால கட்டின பக்கம் முன்னாடி போகட்டும்" என்றார்.

சேறு அப்பிய ஜீப் கோயில் தெருவில் திரும்பி, இரண்டு வாழை மரங்களுக்கு நடுவில், ஓர் இலையைக்கூடத் தொடாமல், ரிவர்ஸில் உள்ளே வந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு நொடி திகைத்துவிட்டு இன்னும் பலமாக ஊதினார். மாப்பிள்ளையின் அம்மா எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்றார். பெரியத்தை ஜன்னல் வழியாகக் கையைக் காட்ட, மாலை போட்ட ஸ்பேர் டயருக்கு மூன்று சுற்று ஆரத்தி எடுத்தார். அதன் பிறகு கதவைத் திறந்தோம். என் தங்கை இறங்கினாள். புடவையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்து சேர்ந்துட்டியே கண்ணு என்று கன்னத்தைத் தொட்டார். அந்தக் குரலில் கேலி எதுவும் இல்லை.

முகூர்த்தத்துக்குள் தாலி ஏறிவிட்டது. கெட்டிமேளம் முழங்க எல்லாரும் அட்சதையைத் தூவினோம். பெரியத்தை கையில் இருந்ததில் பாதியைத்தான் தூவினார். மீதியை மூடிய கையோடு, செருப்புகூடப் போடாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். எதற்கோ கோபித்துக்கொண்டாரோ என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா ஜீப்பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, சூடு ஏறிய அச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கைலி இன்னும் இடுப்பில் இருந்தது. முழங்கை வரை கிரீஸ். பெரியத்தை அவர் தலையில் அட்சதையைப் போட்டார்.

"நூறு தடவ மாட்டிக்க தாயி. நூறு தடவயும் வெளிய வந்துரு."

ஊரெல்லாம் பெருமை பேசுகிற மனுஷி எழுந்து, குனிந்து அத்தையின் காலைத் தொடப் போனார். அத்தை பாதியிலேயே பிடித்துத் தூக்கிக் கட்டிக்கொண்டார். விலகியபோது அத்தையின் இளஞ்சிவப்புப் பட்டுப்புடவையில், இரண்டு தோளிலும் ஐந்து ஐந்து விரலாகக் கறுப்புக் கிரீஸ் பதிந்திருந்தது. அக்கா பதறிப்போய்த் துணியைத் தேடினார். அத்தை வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, அப்படியே உள்ளே நடந்து, மணவறையில் ஏறி, எல்லாப் போட்டோவிலும் நடுவில் நின்றார்.